என் டின்னில் உங்கள் மிளகாய்

அக்கா,

இன்று காலை குழியை மூடியிருந்த சாக்கை விலக்கினேன். நேற்று முழுக்க மழை. அடியிலிருந்து அந்த வாசம் கிளம்பி வந்தது. தேயிலைச் சக்கை, அடுப்புச் சாம்பல், கோவா இலை எல்லாம் உக்கி மண்ணாகிப்போன வாசம். உங்கள் சேலை முந்தானையில் எப்போதும் இருந்த வாசம். பக்கத்தில் யாராவது நின்றிருந்தால் நான் அழப்போகிறேன் என்று நினைத்திருப்பார்கள். அழுகை வரவில்லை. வந்தது பொறாமைதான். நீங்கள் போய் இத்தனை காலமாகியும் அது கொஞ்சமும் குறையவில்லை.

நீங்கள் உயிரோடு இருந்திருந்தால் இதையெல்லாம் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டேன். செத்தவர்கள் பதில் பேச மாட்டார்கள் என்ற தைரியத்தில் சொல்கிறேன். வாழ்ந்த காலம் முழுக்க எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. ஒரு தடவையாவது, ஒரே ஒரு விஷயத்திலாவது, நீங்கள் என்னைப் பார்த்து வயிறு எரிய வேண்டும்.

அண்ணன் தம்பி இரண்டு பேருக்கு வாக்கப்பட்டு, தேயிலைத் தோட்டத்து லயத்தில் வரிசையாக இருந்த ஒற்றை அறை வீடுகளில், அடுத்தடுத்த காம்பராவில் குடியிருந்தோம். நடுவில் ஒரே சுவர். அதுவும் கூரை வரைக்கும் போகாத சுவர். உங்கள் அடுப்புப் புகை என் வீட்டுக்குள் வரும், என் வீட்டுச் சண்டை உங்கள் வீட்டுக்குள் வரும். என் வீட்டுக்காரர் உங்களை அண்ணி என்பார், நான் அக்கா என்பேன். கூடப் பிறந்த அக்காவாக இருந்தால் எப்போதாவது முடியைப் பிடித்துச் சண்டை போட்டிருக்கலாம். ஓரகத்தி என்பதால் மரியாதை வைத்துக்கொண்டு மனதுக்குள்ளேயே புகைய வேண்டியதாயிற்று.

நான் வந்த புதிதில், எழுபதுகளில், அந்தப் பஞ்சம் வந்தது. கூப்பன் அரிசி குறைந்தது, மாவு குறைந்தது, தலவாக்கலை டவுனில் ஒரு றாத்தல் பாணுக்கு விடிகாலையிலிருந்து வரிசை. கிழங்குத் தோலைக்கூடக் கழுவி வேக வைத்த நாட்கள். அப்போது லயத்துக்குப் பின்னால் ஓடுகிற சாக்கடைக் காண் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. எறிவதற்கு யாரிடம் என்ன இருந்தது. கோழிகூட அந்தக் காணில் கிளறிப் பார்த்துவிட்டு வெறுங்காலோடு திரும்பும்.

அந்தக் காலத்திலும் உங்கள் வாசலில் நாலு செடி பச்சையாக நின்றது. கடையில் பிடுங்கிப் போட்ட கரட் இலை, நோக்கோல் இலை, லீக்ஸ் தலை எல்லாவற்றையும் சாக்கில் கட்டிக்கொண்டு வருவீர்கள். நல்லது சட்டிக்கு, முற்றல் பக்கத்து லயத்து மாட்டுக்கு, அழுகல் குழிக்கு. அரிசி கழுவின தண்ணி செடிக்கு. உங்கள் வீட்டில் எதுவும் லேசில் சாகாது அக்கா. ஒரு சேலை கோயிலுக்குக் கட்டி, மலை வேலைக்குக் கட்டி, தலையணை உறையாகி, சட்டி இறக்குகிற துணியாகி, குப்பி லாம்புக்குத் திரியாகி, கடைசியில்தான் குழிக்குப் போகும். மாவுச் சாக்கில் நீங்கள் தைத்த பை உங்கள் தோளிலேயே தொங்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். இவ்வளவு சிக்கனமாக ஒருத்தி பக்கத்தில் இருந்தால் மற்றவள் எப்படி நல்ல பெயர் வாங்குவது?

என் வீட்டுக்காரர் வேலை விட்டு வந்து முகம் கழுவினதும் நேரே உங்கள் அடுப்படிக்குத்தான் வருவார். நீங்கள் கரட் இலைச் சுண்டலை ஒரு கிண்ணத்தில் வைத்து நீட்டுவீர்கள். சாப்பிட்டுவிட்டு வந்து என்னிடமே சொல்வார்.

“அண்ணி கைக்கு ஒரு ருசி இருக்குடி. எலைய அரிஞ்சு போட்டாலும் கறி மாதிரி இருக்கு.”

“அப்ப அங்கேயே பாயைப் போட்டுக்குங்க.”

“இதுக்கு ஏன் இப்படி எரிஞ்சு விழுற? நல்லா இருக்குன்னுதானே சொன்னேன்.”

நல்லா இருக்கு என்பதுதான் பிரச்சினை. அது அவருக்கு விளங்கவே இல்லை.

அப்புறம் காலம் மாறியது. கடைகளில் சாமான் வந்து குவிந்தது. கலர் கலராக பிஸ்கட் பக்கட், பால்மா, டின்மீன், டொஃபி, எதை வாங்கினாலும் ஒரு சொப்பிங் பேக். பட்டினி கிடந்த லயத்துக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் சிரிக்கிறார்கள். நாங்கள் தின்றதை மட்டும் பெருமையாக நினைக்கவில்லை, தின்றுவிட்டுப் போட்டதையும் பெருமையாக நினைத்தோம். வாசலில் குப்பை கிடந்தால் அந்த வீட்டில் சாப்பாடு நடக்கிறது என்று அர்த்தம். நான் டின்மீன் டின்னைக் கழுவி, மீன் படம் மேலே தெரிகிற மாதிரி காண் ஓரத்தில் போடுவேன். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிறவர்கள் எல்லாரும் அந்த வழியாகத்தான் போக வேண்டும். பால்மா பக்கட்டைக் கசக்கக்கூட மாட்டேன், விரித்துப் போடுவேன். நான் மட்டுமில்லை, லயத்தில் பாதிப் பேர் அப்படித்தான் செய்தார்கள். குப்பையில் போட்டி போட்ட சனம் உலகத்தில் நாங்கள் மட்டும்தான் இருப்போம்.

போட்டியில் நான்தான் முதல். நாலு பிள்ளைகள் இருந்த வீடு. ஒன்று பிஸ்கட் கேட்கும், ஒன்று டொஃபி கேட்கும். சம்பளம் வந்த மறுநாள் என் வாசல் திருவிழா முடிந்த கோயில் வாசல் மாதிரி கிடக்கும். உங்கள் வாசலில் ஒரு கடதாசித் துண்டு இருக்காது. அதைப் பார்த்து, பாவம் இவர்களுக்கு வாங்க வக்கில்லை என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். அந்த எண்ணம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை.

ஒருநாள் நீங்கள் காண் ஓரமாகக் குனிந்து என் டின்களைப் பொறுக்கிக்கொண்டு நின்றீர்கள்.

“தங்கச்சி, இது வேணுமா ஒனக்கு?”

“வீசினதுதானே அக்கா. எடுத்துக்கிட்டுப் போங்க.”

“பக்கட்டும்?”

“அதையும் எடுங்க. பேப்பரு பொறுக்குறவங்க மாதிரி நிக்கிறீங்க.”

நீங்கள் கோபப்படவில்லை. சிரித்தீர்கள். தவறணையில் தேயிலைக் கன்று வளர்க்கிற வேலை உங்களுக்கு. பொலித்தீன் பையில் மண் நிரப்பி ஓட்டை போட்டுக் கன்று வைப்பது உங்கள் கைக்குப் பழக்கம். அதையே என் பால்மா பக்கட்டில் செய்தீர்கள். டின்னின் அடியில் ஆணியால் குத்தி, குழி மண்ணை நிரப்பி, மிளகாய் நாற்று வைத்தீர்கள். ஒரு மழை போவதற்குள் உங்கள் வாசல் படி முழுக்க வரிசையாக என் டின்கள். மீன் படத்துக்கு மேலே பச்சை இலை, அதற்கு மேலே வெள்ளைப் பூ. கொஞ்ச நாளில் மிளகாய் காய்த்துத் தொங்கியது. பெரட்டுக்குப் போகிறவர்கள் எல்லாரும் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். என் வாசலை யாரும் பார்க்கவில்லை. அக்கா, அன்றைக்கு நான் பிள்ளைகளை அடித்தேன். காரணம் இதுதான் என்று அவர்களுக்குத் தெரியாது.

அதைவிட மோசம் ஒன்று நடந்தது. துரைசாணி ஒருநாள் லயம் பார்க்க வந்தார். தோட்டத்தை நடத்துகிற துரையின் பெண்சாதி, நல்ல மனுசி. உங்கள் படியில் வந்து நின்று சிங்களத்தில் “ஹரிம லஸ்ஸனய்” என்றார், ரொம்ப அழகாக இருக்கிறதாம். ஒரு செடி கேட்டார். நீங்கள் இருந்ததிலேயே நன்றாகக் காய்த்ததை டின்னோடு தூக்கிக் கொடுத்தீர்கள். என் டின் பங்களாவுக்குப் போனது, உங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு.

“அது நம்ம டின்னுங்க,” என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

“டின்னு நம்மளுது. மொளகா அண்ணியோடது. என்ன வழக்குப் போடப்போறியா?”

வழக்குப் போட இடம் இருந்திருந்தால் போட்டிருப்பேன்.

உங்களிடம் எப்படிக் குப்பையே சேராமல் போகிறது என்று ஒருத்தி கேட்டதற்கு நீங்கள் சொன்னது எனக்கு இன்றும் ஞாபகம். “எந்த வயித்துக்கும் ஆகாதத வீட்டுக்குள்ள கொண்டாராத.” மாட்டு வயிறு, கோழி வயிறு, அடுப்பு வயிறு, மண் வயிறு. இந்த நாலில் ஒன்றாவது தின்னாத சாமான் நமக்கு எதற்கு என்று கேட்டீர்கள். அவள் தலையாட்டிக் கேட்டாள். நான் சுவருக்கு இந்தப் பக்கம் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டேன். நீங்கள் எனக்கு ஒன்றும் சொல்லித் தரவில்லை. நான் கேட்கவும் இல்லை. ஒட்டுக் கேட்டதுதான்.

அந்த வருசம் மழைக்குக் காண் அடைத்துக்கொண்டது. தண்ணி ஏறி வரிசையாக எல்லாக் காம்பராவுக்குள்ளும் வந்தது. அடுப்பு நனைந்தது, பாய் நனைந்தது. ஆம்பளைகள் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு இறங்கி இழுத்தால் கையில் வந்ததெல்லாம் சொப்பிங் பேக், பக்கட், டின். யார் வீட்டுச் சாமான் என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. அந்தப் பால்மா எங்கள் வீட்டில் மட்டும்தான் வாங்குவோம், நான்தான் அதை ஊருக்கே விளம்பரம் பண்ணி வைத்திருந்தேனே. கடைசி வீட்டுக்காரர் என்னைப் பார்த்து வாய்க்கு வந்ததைச் சொன்னார். நீங்கள் முழங்கால் அளவு தண்ணியில் நின்றுகொண்டு, குனிந்த தலை நிமிராமல், “அவ வீட்டுல நாலு புள்ளைங்க. அப்புடித்தான் இருக்கும்,” என்றீர்கள்.

எல்லாரும் மறுபடி குப்பையை இழுக்கக் குனிந்தார்கள். எனக்கு மட்டும் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. குத்திக் காட்டுகிறீர்கள் என்றே நினைத்தேன். பிள்ளை வளர்க்கத் தெரியாதவள், வீடு வைத்திருக்கத் தெரியாதவள் என்று நாசூக்காகச் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். அன்றிலிருந்து ரொம்ப நாள் உங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நீங்களும் ஏன் என்று கேட்கவில்லை.

அப்புறம் உங்களுக்கு இந்தியாவுக்குப் பேர் வந்தது. எந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும் என்று கேட்டபோது அண்ணன் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்திருந்தார், தம்பி இலங்கைக்கு. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், ஒரு கையெழுத்தில் இரண்டு நாடாகிப் போனார்கள். பயணம் போகிறவர்கள் சாமான்களைப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். அம்மி ஒரு வீட்டுக்கு, கோழிகள் ஒரு வீட்டுக்கு, குடம் ஒரு வீட்டுக்கு என்று நீங்களும் கொடுத்தீர்கள். எனக்கு உங்கள் பித்தளைக் குடம் வந்தது. நல்ல கனம். நான் அதற்காகக் காத்திருக்கவில்லை. லயத்துக்குப் பின்னால் இருந்த உங்கள் பாத்தியும் அந்தக் குழியும் எனக்குத்தான் என்று இருந்தேன். கொழுந்தன் பெண்சாதி இருக்கும்போது வேறு யாருக்குப் போகும்? நீங்கள் அதை நாலாம் காம்பராவுக்குப் புதிதாக வந்த சின்னப் பொண்ணுக்குக் கொடுத்தீர்கள்.

நான் நேராக வந்து கேட்டேன். இத்தனை வருசத்தில் உங்களிடம் நேராகக் கேட்டது அது ஒன்றுதான்.

“ஏன் அக்கா, நான் ஆகாதவளா போயிட்டேனா?”

“அவகிட்ட ஒண்ணுமில்லடி. ஒனக்கு எதுக்கு? ஒன் வீட்டுல வர்றத வச்சு ஒம்பது குழி நெறைக்கலாம். வெட்டறதுதான் பாக்கி.”

அதையும் குத்தலாகத்தான் எடுத்துக்கொண்டேன். ஸ்டேஷனில் எல்லாரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். நானும் அழுதேன். அழும்போதே எனக்குள் ஒரு பக்கம் அந்தக் குழியை நினைத்துக் கொதித்துக்கொண்டிருந்தது. தலைமன்னார்ப் பக்கம் ரயில் போய், அங்கிருந்து நீங்கள் கப்பல் ஏறுகிற நேரம் நான் மண்வெட்டியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

வெட்டினேன். சூழல், சுத்தம் என்றெல்லாம் எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. உங்களைத் தோற்கடிக்க வெட்டினேன். முதல் குழியில் மீன் முள்ளைப் போட்டு எலி வந்தது. இரண்டாவதில் சாம்பலை அள்ளிக் கொட்டி எல்லாம் உக்காமல் வெந்துபோய்க் கிடந்தது. நாற்றம் தாங்காமல் பக்கத்து வீட்டுக்காரி கத்தினாள். சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டதையெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்திப் பார்த்தேன். தேயிலையைக் கவ்வாத்து வெட்டின மிலாறுக் குச்சிகளை அடியில் பரப்புவது, காய்ந்தது ஒரு தட்டு, பச்சை ஒரு தட்டு, மேலே சாக்கு. பால்மா பக்கட்டைக் குறைத்தேன். கடைக்குப் பை கொண்டு போனேன். மாவுச் சாக்குப் பைதான், உங்களைப் பார்த்துத்தான், வேறென்ன. பிள்ளைகள் முனகினார்கள். நாலாம் காம்பராப் பொண்ணு உங்கள் குழியைக் கவனிக்காமல் விட்டு அது தூர்ந்துபோனது. அதைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் பாவம் பிடிக்கும். சொல்லிவிடுகிறேன், நல்லாவே சந்தோஷப்பட்டேன்.

என் வாசலிலும் மிளகாய் காய்த்தது. வீட்டுக்காரர் ஒருநாள் சாப்பிட்டுவிட்டு, “அண்ணி வச்ச மாதிரியே இருக்கு,” என்றார். நல்ல மனுசன், பாராட்டுகிறோம் என்று நினைத்துத்தான் சொன்னார். எனக்குச் சோறு இறங்கவில்லை. நீங்கள் ஒரு தடவை வந்து இந்த வாசலைப் பார்க்க வேண்டும், பார்த்து முகம் வாட வேண்டும் என்று மட்டும் இருந்தது.

நீங்கள் வரவில்லை. எண்பதுகள் முடிகிற சமயம், உங்களோடு ஒரே கப்பலில் போன, தோட்டத்து மேல்கணக்குப் பிரிவுப் பொண்ணு ஒருத்தி தாயைப் பார்க்க வந்தாள். அவள்தான் வாசலில் நின்றபடியே நீங்கள் காய்ச்சலில் போய்விட்டதைச் சொன்னாள். உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுத்தேன். அவள் உங்கள் ஊரைப் பற்றிச் சொன்னாள். திருச்சிப் பக்கம், வெறும் பொட்டல், வெட்டினால் மண்வெட்டி திரும்பி வருமாம். அங்கேயும் குழி வெட்டினீர்களாம். போடுவதற்குத் தோல் ஏது, தொலி ஏது. விழுந்ததை ஊர் ஆடு தின்றுவிட்டுப் போய்விடுமாம்.

“குழாயடியில ஒங்களப் பத்தியே பேசிக்கிட்டு இருப்பாங்க,” என்றாள்.

“என்னப் பத்தி என்னத்த?”

அவள் தேத்தண்ணியைக் கீழே வைத்தாள். அப்புறம் நீங்கள் சொன்னதை அப்படியே சொன்னாள். “எந்தங்கச்சி வாசல்ல எந்நேரமும் குப்ப கெடக்கும். நாலு புள்ளைங்க தின்னு போட்டது. எங்க வீட்டுல புள்ள இல்லாத ரெண்டு கெழடு, எதத் தின்னு எதப் போடுறது? அந்தக் குப்பையப் பாத்துப் பாத்து வயிறெரிஞ்சிருக்கேன். பொறுக்கப் போனா பாதி கடிச்ச சோளக்கதிரு கெடக்கும், சின்னச் சின்னதா பல்லு பதிஞ்சு. அத மட்டும் குழியில போட மனசு வராது.”

அக்கா, அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். பொய் சொல்ல மாட்டேன். ஜெயித்துவிட்டேன் என்று இருந்தது. நான் ஆசைப்பட்ட அதே வயிற்றெரிச்சல், நான் கேட்காமலே, அத்தனை வருசமும் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கிறது. அவள் போனதும்தான் நீங்கள் தண்ணியில் நின்று சொன்னது காதில் விழுந்தது. அவ வீட்டுல நாலு புள்ளைங்க. அது குத்தல் இல்லை. அன்றைக்கு ராத்திரி சமைக்கவில்லை.

இப்போது உங்கள் கொழுந்தனும் போய்ச் சேர்ந்துவிட்டார். பெரியவன் கொழும்பில் கடையில் இருக்கிறான், பொம்பளைப் பிள்ளைகள் இரண்டும் கட்டிக்கொடுத்த இடத்தில், சின்னவன் வெளிநாட்டில். போன வாரம் பிரதேச சபையிலிருந்து ஒரு பொண்ணு பச்சை வாளியும் சிவப்பு வாளியும் கொண்டு வந்தாள். உக்குவது இதில், உக்காதது அதில் என்று லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள். என் சிவப்பு வாளியைத் திறந்து பார்த்தாள், காலி. பச்சை வாளியில் ஒரு ஆள் குடித்த தேயிலைச் சக்கை.

“இந்த லயத்துலயே குப்ப கொறைஞ்ச வீடு ஒங்க வீடுதாம்மா. எப்படி இப்படி வச்சிருக்கீங்க, மத்தவங்களுக்கும் சொல்லிக் குடுங்களேன்,” என்றாள்.

என்னத்தைச் சொல்லிக் கொடுப்பது? சிரித்து அனுப்பிவிட்டேன். நீங்கள் இருந்த காம்பராவில் இப்போது ஒரு இளம் குடும்பம் இருக்கிறது, மூன்று பிள்ளைகள். வாசல் முழுக்க பிஸ்கட் பக்கட், ஜூஸ் பெட்டி, ஒற்றைச் செருப்பு, உடைந்த பொம்மை. காண் அடைக்கும் என்று அந்தப் பொண்ணுக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் இன்று காலை எழுந்து போனேன். அவள் ஒன்றுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே இன்னொன்றைத் திட்டிக்கொண்டிருந்தாள். வாசலிலேயே நின்றேன். வயிறு எரிந்தது அக்கா. சொல்ல வந்ததைச் சொல்லாமல், கிடந்ததைக் குனிந்து பொறுக்க ஆரம்பித்தேன்.